துண்டுக்குள் கொடுத்த கை

செட்டிக்குளம் பக்கத்தில் தரகர் அங்கமுத்துவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய தோள்துண்டைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆள் சுமார். வேட்டியும் சுமார். செருப்புக்கு எப்போதும் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். துண்டு மட்டும் பச்சைக்கரை போட்ட கெட்டித் துண்டு, வெளுத்து மடித்து இடது தோளில் கிடக்கும். நமக்குச் சோறு போடுவது அதுதான், அதற்கு மரியாதை செய்யாமல் செருப்புக்கா செய்வது என்று கேட்பார்.

அவர் அப்பா மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு முகம் மட்டும்தான் தெரியும், அந்த முகங்களில் ஒரு எழவும் தெரியாது. அங்கமுத்து மாட்டை விட்டுச் சின்ன வெங்காயத்துக்கு வந்த பிறகும் துண்டை விடவில்லை. வெங்காய வியாபாரிகளும் அவரோடு அப்படியே பேசப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு பிடி உண்டு. நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தால் ‘சரக்கு மொத்தமும்’ என்று அர்த்தம். எதிராளியின் விரல்களை மடக்கி, அந்த முஷ்டியைத் தன் கைக்குள் மூடி அழுத்தினால் அது விலை அல்ல, வாக்கு. விற்ற மாடு புது வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் அதன் நல்லது கெட்டது என் பொறுப்பு என்று விற்கிறவன் பக்கம் கொடுக்கிற வாக்கு. வழியில் மாடு விழுந்து செத்தாலும் நஷ்டம் விற்றவன் தலையில்தான். அங்கமுத்து அதை லேசில் யாருக்கும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் தவற மாட்டார். தவறியதே இல்லை என்று நானும் எழுதிவிட்டுப் போயிருப்பேன், அந்த ஒமான்காரர் வராமல் இருந்திருந்தால்.

ஒமான்காரரை அழைத்து வந்தவர் லப்பைக்குடிக்காடு தாஜுதீன். மஸ்கட்டில் பல வருஷம் உழைத்துத் திரும்பி, ஏற்றுமதி லைசென்ஸ் எடுத்து, சின்ன வெங்காயத்தைக் கப்பலேற்றத் தொடங்கியிருந்தார். வெங்காயம் விளைகிற காட்டில் சரக்கு பார்த்து மடக்கிக் கொடுப்பது அங்கமுத்துவின் வேலை. வாங்க வந்த பெரியவர் பெயர் கல்ஃபான். வெள்ளை அங்கி, தலையில் பூவேலைத் தொப்பி, கையில் ஒரு தடி. வலது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. சின்ன வயதில் படகுக் கயிற்றில் மாட்டிப் போனதாம்.

ஒப்பந்தம் ஏற்கெனவே இங்கிலீஷில் தடியாக அடித்துக் கையெழுத்தாகியிருந்தது. சரக்கு நம் ஊருடையது, வாங்குகிறவர் ஒமான்காரர், தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி சிங்கப்பூர் நடுவர் தீர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. கப்பலில் ஏறிய நிமிஷமே சரக்கின் பொறுப்பு வாங்குகிறவருடையது என்றும் இருந்தது. தாஜுதீன் இதையெல்லாம் சொன்னபோது அங்கமுத்து சிரித்தார்.

“வெங்காயத்துக்குத் தோலு உரிக்க உரிக்க வர்ற மாரியில்ல நாட்டுப் பேரா வருது பாய்” என்றார்.

விலை மட்டும் சரக்கைப் பார்த்து முடிவு செய்வது என்று விட்டிருந்தார்கள். பெரியவர் காட்டில் வந்து நின்று, அங்கமுத்துவின் துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவர் பாட்டனார் காலத்தில் முத்து வியாபாரமும் துணிக்குள் விரல் பிடித்துத்தான் நடந்ததாம். தாஜுதீன் அரபியில் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் பெரியவர் கையை நீட்டிவிட்டார். துண்டுக்குள் இரண்டு கையும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்து, பேரம் பேசி, விலை முடிந்தது. அரை விரலுக்கு அரை விலைதான் என்று அங்கமுத்து அந்தக் குட்டை விரலைத் தட்டிக் காட்ட, பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத இரண்டு பேர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேள்விப்பட்டதில்லை.

தாஜுதீன் எடை போடுகிற பக்கம் போன பிறகுதான் அது நடந்தது. பெரியவர் ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கி, முகர்ந்து, தூரத்தில் கடல் இருக்கிறதாக எண்ணிக் கிழக்கே காட்டி, கையை அலைபோல ஆட்டினார். கெடாமல் போய்ச் சேருமா என்று கேட்கிறார் என்று அங்கமுத்துவுக்குப் புரிந்தது. சரக்கு நல்ல சரக்கு. மனசும் நிறைந்திருந்தது. துண்டைப் போட்டு, பெரியவர் விரல்களை மடக்கி, முஷ்டியை மூடி அழுத்தினார். அதோடு நிற்காமல், மாடு தண்ணீர் குடிப்பதைக் குனிந்து நடித்தும் காட்டினார். பெரியவர் புரிந்துகொண்டு மெல்லத் தலையசைத்தார். கன்டெய்னர் மாடு இல்லை, கடல் பாடாலூர்ச் சாலை இல்லை என்பது அங்கமுத்துவுக்கு அப்போது தோன்றவே இல்லை.

கன்டெய்னர் வழியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாற வேண்டியது. அங்கே மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தது. மஸ்கட்டில் திறந்தபோது உள்ளிருந்து தண்ணீர் வடிந்ததாம். தாஜுதீன் ஒப்பந்தத்தைக் காட்டினார், கப்பலேறிய பிறகு எங்களுடையது அல்ல என்றார். கல்ஃபான் கோபப்படவில்லை. அந்தத் தரகர் கை கொடுத்திருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று தன் பிள்ளைகளிடம் சொன்னார். சொன்ன சில நாளில் மார்வலி வந்து இறந்துபோனார். பிள்ளைகள் அந்த வார்த்தையை வைத்தே சிங்கப்பூரில் வழக்குப் போட்டார்கள்.

தாஜுதீன் செய்தி கிடைத்த அன்றே வந்தார். அவர் வீடும் குடோனும் பேங்கில் அடமானத்தில் இருந்தன. இந்த வழக்குத் தோற்றால் இரண்டும் போகும். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

“அண்ணே, பெரியவருக்கு நீங்க எதாச்சும் வாக்கு குடுத்தீங்களா?”

“இல்லீங்க பாய்” என்றார் அங்கமுத்து.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நெருப்பைத் தொட்டவன் கையை இழுக்கிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாஜுதீன் நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கமுத்து விதை வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்த பட்டறைக்குப் போனார். அடியில் சூடேறி அழுகுகிறதா என்று பார்க்க, எல்லாரும் செய்கிறபடி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

பாம்பு என்றுதான் முதலில் நினைத்தார். பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் கடியும் இல்லை, கீறலும் இல்லை. உள்ளங்கையில் மட்டும் குளிர்ச்சி நின்றது. எலியாக இருக்கும், எறும்பாக இருக்கும் என்று மனசுக்குப் பல சமாதானம் சொன்னார். ஆனால் விரலை எண்ணி எண்ணியே வாழ்ந்த கை அது. பிடித்தவற்றில் நாலாவது விரல் குட்டையாக இருந்ததை அது மறக்கவில்லை.

அன்றிலிருந்து வலது கையை எது மூடினாலும் உள்ளே அந்தக் கை வந்தது. சட்டைப் பைக்குள் வந்தது. மஞ்சள் பைக்குள் வந்தது. மத்தியானம் போர்வைக்குள் கண்ணசந்தால் வந்தது. இறுக்கவில்லை, நசுக்கவில்லை. பேரத்துக்குப் பிடிப்பது போல மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தது. அந்த மரியாதைதான் அவருக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வலது கையை எப்போதும் வெளியே தொங்கவிட்டபடி திரிகிற புருஷனைப் பார்த்து மனைவி ரத்தினம்மாள் பயந்துவிட்டாள். வாதமோ என்று பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டினாள். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டிக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப் போனாள். வழியில் காற்று அடிக்கிறதென்று பிரியமாக அவர் கையை எடுத்துத் தன் முந்தானையால் மூடினாள்.

“ஏங்க, கை ஏன் இப்புடி சில்லுன்னு இருக்கு?”

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “எடுத்துடு. மூடாத” என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரத்தினம்மாள் ஏலாக்குறிச்சிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றும்போது அழுதாள்.

வழக்கை நடத்தியவர் அரியலூர் வக்கீல் நர்மதா. சென்னையில் கம்பெனி வழக்குகள் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். சாட்சி சொல்ல அங்கமுத்து சிங்கப்பூர் போக வேண்டாம், தன் ஆபீஸிலேயே உட்கார்ந்து வீடியோவில் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார். முன்னதாகக் கூப்பிட்டுப் பேசினார்.

“ஐயா, அவங்க கேஸே நீங்க வாக்கு குடுத்தீங்கங்கிற ஒண்ணுலதான் நிக்குது. குடுத்தீங்களா?”

“இல்லீங்க வக்கீலம்மா.”

நர்மதா பேனாவை மூடி வைத்தார். “பொய் சொல்ல நான் யாரையும் உக்கார வைக்க மாட்டேன். நடந்ததைச் சொல்லுங்க. சட்டத்தை நான் பாத்துக்கறேன்.”

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் தாஜுதீன் நடுத்தெருவுக்கு வருவார், சொல்லாவிட்டால் இந்தக் கை விடாது. இரண்டுக்கும் நடுவில் இடுக்கில் மாட்டிய எலியாகத் தவித்தார்.

விசாரணை நாளில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். எல்லாவற்றின் மேலும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. தார்ப்பாய் காற்றில் உப்பி அமுங்குவதைப் பார்க்க மாட்டாமல் அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பூமியே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது, கல்லை உடைத்தால் சிப்பி வரும் என்பார்கள். அன்றைக்கு அந்த நினைப்பு வேறு வந்தது, வலது கையை முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

அறையில் மேஜை, கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. திரையில் நடுவர், நரைத்த கிராப்பு வைத்த ஒரு அம்மாள். பக்கத்துக் கட்டங்களில் எதிர்வக்கீல், மொழிபெயர்ப்பவர், கல்ஃபானின் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு அப்பன் முகம் அப்படியே இருந்தது. சாட்சியைத் தவிர அறையில் யாரும் இல்லை என்று கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். பிறகு நடுவர் சொன்னதை மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். சாட்சி இரண்டு கையையும் மேஜை மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். யாரும் ஜாடை காட்டிச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க அது விதி.

அங்கமுத்து வலது கையை விரித்து வைத்தார். வெளிச்சத்தில் அது வெறும் கை. யாரும் பிடித்திருக்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசானது. இங்கே ‘இல்லை’ என்று சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை. அன்றைக்குத் துண்டுக்குள் இருந்தவை இரண்டு கை, அதில் ஒன்று மஸ்கட் மண்ணில் புதைந்துவிட்டது. வாக்குக் கொடுத்தீர்களா என்று எதிர்வக்கீல் கேட்டு முடித்தார். இல்லை என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கேமரா அணைந்த பிறகு இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“குடுத்தேங்க” என்றார். “விரலை மடக்கி, முஷ்டியைப் புடிச்சுக் குடுத்தேன். போய்ச் சேர்ற வரைக்கும் நான் பொறுப்புன்னு. பாய்க்குத் தெரியாது. அவருகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்.”

மொழிபெயர்ப்பவர் சொல்லி முடித்ததும் மூத்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். வெளியே உட்கார்ந்திருந்த தாஜுதீன், அங்கமுத்து வந்து சொன்னதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

தீர்ப்பு வந்தபோது தாஜுதீன் ஜெயித்திருந்தார். நர்மதா போனில் விளக்கிச் சொன்னார். சாட்சி சொன்னது உண்மை என்று நடுவர் முழுசாக நம்புகிறாராம். ஆனால் எழுத்தில் இல்லாத, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடாத எந்த மாற்றமும் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். அப்படி வாக்குக் கொடுக்கத் தரகருக்கு அதிகாரமும் இல்லையாம். ஆகவே துண்டுக்குள் கொடுத்த கை, சட்டத்தின் கண்ணில் கொடுக்காத கை.

“நெஜத்தைச் சொன்னீங்க, கேஸும் ஜெயிச்சாச்சு. நிம்மதியா இருங்க ஐயா” என்றார் நர்மதா.

அங்கமுத்து போனை வைத்துவிட்டு, துண்டை உதறி வலது கை மேல் போட்டார். அந்தக் கை உள்ளே இருந்தது. இங்கிலாந்துச் சட்டம் அதுவரை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அப்படியும் பிழைப்பை விட முடியுமா? அடுத்த வெங்காயச் சந்தைக்குப் போனார். விக்கிரமங்கலம் வியாபாரி அய்யாக்கண்ணு, பழகிய ஆள், சரக்கைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு துண்டைப் போட்டார். உள்ளே கைகள் சேர்ந்தன. அய்யாக்கண்ணு ஒரு விரலைப் பிடித்தான், அடுத்ததைத் தேடினான், அப்படியே நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை. மெதுவாகக் கையை வெளியே எடுத்தான்.

“அண்ணே, உள்ள மூணு கை இருக்கு.”

சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கமுத்துவின் துண்டுக்குள் கை விட ஊரில் ஆளில்லை. விரலால் பேசிய மனுஷன், வாயால் விலை சொன்னால் நம்புவாரில்லை. வீட்டில் உட்கார்ந்தார்.

பேச்சு லப்பைக்குடிக்காடு வரை போயிற்று. தாஜுதீனுக்குக் கோபம் தீரவில்லைதான், ஆனாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலத் தொழுகை முடித்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அங்கமுத்துவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“துண்டைப் போடுங்கண்ணே.”

“வேணாம் பாய். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?”

“சரக்கு என்னுது. போடுங்க.”

துண்டுக்குள் கையை விட்டவர் உதடு அசைந்தது. ஏதோ ஓதினார். பெரியவரோடு கை குலுக்கியவர் அவர். குட்டை விரலைத் தடவியதுமே கண் கலங்கிவிட்டது. பிறகு துண்டைப் பார்த்து அரபியில் மெதுவாக ஒன்று கேட்டார்.

“என்னங்க பாய் கேட்டீங்க?”

“எத்தினி மூட்டை அனுப்பணும்னு கேட்டேன்.”

பதில் உடனே வந்தது. தாஜுதீனின் நாலு விரலும் சேர்த்துப் பிடிக்கப்பட்டன. பிடித்தது அங்கமுத்து அல்ல. அதன் அர்த்தம் தாஜுதீனுக்கும் தெரியும்.

“மொத்தமுமா” என்றார் தாஜுதீன். “சிங்கப்பூர்ல ஜெயிச்சாச்சு. இவருகிட்ட எந்தக் கோர்ட்டுல போயி நிக்கிறது. அண்ணே, அந்த வாக்கு எப்புடிக் குடுக்கறது?”

“விரலை மடக்கி, முஷ்டியை மூடி அமுக்கணுங்க. ஆனா பாய், குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது.”

தாஜுதீன் கண்ணை மூடி, பிஸ்மில்லா சொல்லி, அழுத்தினார். துண்டு லேசாகத் தொய்ந்தது. அங்கமுத்து துண்டை எடுத்தார். இரண்டு கைதான் இருந்தன. திரும்பவும் தன் கையை மட்டும் துண்டால் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வேர்வைதான். அவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். உள்ளிருந்து ரத்தினம்மாள் ஓடிவந்தாள்.

தாஜுதீன் எழுந்து ஸ்கூட்டரிடம் போனார். சாவி எடுக்க ஜிப்பாப் பைக்குள் வலது கையை விட்டவர், எடுக்காமல் அப்படியே நின்றார்.

“என்னங்க பாய்?”

“ஒண்ணுமில்லண்ணே.” குரல் இறங்கியிருந்தது. “காலையிலயே காட்டுக்குப் போயி சரக்கு பாருங்க. நல்ல சரக்கா, வழியில கப்பல் மாறாத கன்டெய்னருக்கு. அது அவரு ஊடு போயிச் சேர்ற வரைக்கும் நான் இடது கையாலதான் பொழைக்கணும்.”

வலது கையை மெல்ல வெளியே எடுத்து, இடது கையை அந்தப் பைக்குள் வளைத்து விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.